அந்த நைட்டி என்னுடையது

"ஊரெல்லாம் ஒட்டகத்தை வரைஞ்சு வச்சிருக்கானுங்க. என் வீட்டுக்கு எதிர்ல மட்டும் என் பொண்டாட்டி நைட்டியா?"

வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. இதே பால்கனியில், இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைக் காப்பி டம்ளரோடு, பனியனோடு நின்று கேட்டார். பனியனோடு நிற்கிற மனுஷனுக்கு நைட்டியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். "ஆம்பளை பனியன் வேற, பொம்பளை நைட்டி வேற" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். பேச்சும் பாலிசிக் காகிதம் மாதிரிதான் இருக்கும். அவருக்குச் சாதகமான இடம் மட்டும் பெரிய எழுத்தில்.

உட்காரும்மா. அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இங்கே உட்கார். மதுரா என்றுதானே சொன்னாய்? ஃபோனில் சரியாகக் கேட்கவில்லை. உங்கள் வயசுப் பிள்ளைகள் பேசும்போது வாயைத் திறக்கிறதே இல்லை. எங்கள் கான்வென்ட்டில் வாய்க்குள்ளேயே பேசினால் சிஸ்டர் பெனடிக்டா வராந்தாவின் அந்தக் கோடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இந்தக் கோடியில் வந்து நின்றுகொள்வார். அவர் காதில் விழுகிற வரைக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி வளர்ந்தவள் நான். அதனால் நான் சொல்கிறது உனக்கு நன்றாகக் கேட்கும். ஒருவேளை கீழ் மாடிக்கும் கேட்கும். கேட்கட்டும்.

நீ வந்த விஷயம் எனக்குத் தெரியும். இந்த வளைகுடா ஊரில் சுவர் சுவராக வரைந்து வைத்திருக்கிறார்களே, அதையெல்லாம் படம் பிடித்து, யார் வரைந்தது, எப்போது வரைந்தது, அதில் இருக்கிற ஆள் யார் என்று விசாரித்து, புத்தகமாகப் போடப் போகிறீர்கள். வெயிலும் மணலும் சேர்ந்து சாயத்தை உரித்துப் போடுவதற்குள் முடிக்க வேண்டும். அதுதானே? எதிர்க் கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்கிறான். இடித்த பிறகு அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்ல உன் புத்தகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதனால்தான் சொல்கிறேன். படத்துக்குக் கீழே போடுகிற பெயரைச் சரியாகப் போடு. வசுமதி தாமோதரன். இங்கிலீஷில் எழுதும்போது 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' போட வேண்டும். போடாவிட்டால் வடக்கத்திக்காரர்கள் வசுமட்டி என்று வாசிக்கிறார்கள். பாங்கில் ஒருத்தன் ஒலிபெருக்கியில் அப்படிக் கூப்பிட்டான், நான் எழுந்திருக்கவே இல்லை. மட்டியாம்.

ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறாய்? சரி, முழுக்கக் கேட்டுவிட்டு எழுது.

எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த வேலைக்கென்று தனியாகப் படித்திருக்கிறாயா? சுவரைப் பார்ப்பதற்கு? தொப்பி போட்டுக்கொண்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு, இந்த வெயிலில் ஒட்டகத்துக்கு முன்னால் போய் நிற்கிறதற்கு? கோபித்துக்கொள்ளாதே. நான் மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறவள் கிடையாது. பாலைவனத்து ஊரில் ஒட்டகத்தை வரைவதற்கு என்ன கற்பனை வேண்டும், சொல்லு. காதில் ஹெட்போன் மாட்டிவிட்டால் அது மாடர்ன் ஒட்டகமாம். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ராஜாளி. பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் இன்னொரு ராஜாளி. முதல் ராஜாளிக்குப் பெண்டாட்டியாக இருக்கும். துறைமுகத்துப் பக்கம் முத்துக் குளிக்கிறவன் ஒருத்தனை வரைந்திருக்கிறார்களே, பார்த்தாயா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்ப வைத்திருக்கிறான். எனக்கு அவனைப் பார்த்தால் கடைவாய்ப்பல் சொத்தைக்காரன் மாதிரி இருக்கிறது. ரவுண்டானா நடுவில் இவர்கள் ஊர்க் காப்பிப் பாத்திரத்தைப் பிரமாண்டமாகச் செய்து வைத்திருக்கிறார்களே, அதற்கு நாம்தான் கூஜா ரவுண்டானா என்று பெயர் வைத்தோம். டாக்சி ஓட்டுகிற பாகிஸ்தான் பட்டாணிகூட இப்போது 'கூஜா, கூஜா' என்கிறான். அவ்வளவு சுவர் இருக்கிற ஊரில், அந்தக் கூஜாவுக்கு நேராக, நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெண்பிள்ளை துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்றால், அது ஒன்றுதான் இந்த ஊரில் பார்க்கிற மாதிரி இருக்கிற படம். என் படம் என்பதற்காகச் சொல்லவில்லை.

போன வருஷம் குளிர்காலத்தில் ஆரம்பித்தது. இங்கே குளிர்காலம் என்றால் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிற காலம், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறக்கிறேன், கிரேன் தொட்டிக்குள் ஒரு பெண் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள். கமீலா. தென்னமெரிக்காவில் ஏதோ ஒரு தேசம். தலையில் பாதி நீலம், பாதி மொட்டை. ஏன் பாதியில் நிறுத்தினாய் என்று கேட்கலாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. காலையில் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் அந்தத் தொட்டியில்தான். என் சமையலறை, என் கொடி, என் தலையணை உறை, அவருடைய லுங்கி எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

முதலில் கையாட்டியது சகாயம்தான். சகாயம் என்றால் எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்தவள். சகாயமேரி. தெற்கே கடலோரம் மணப்பாட்டுக்காரி. ஆறு வருஷம் இங்கேயே தங்கி வேலை செய்தாள். பெயர்தான் சகாயம். ஒரு தடவை கூப்பிட்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ரெண்டு தடவை கூப்பிட வேண்டும். சமயத்தில் மூன்று. ஆனால் வந்துவிடுவாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என்ன எழுதினாய்? அவள் பெயரையா? அதை அடி. அது எதற்கு?

பேப்பரில் போட்டிருந்தார்களே, படித்தாயா? 'எதிர்க் கட்டடத்துப் பெண்மணி ஓவியருக்குத் தினமும் இஞ்சி டீ அனுப்பி வைத்தார்' என்று. அது நான்தான். கொண்டுபோனது சகாயம். போட்டதும் சகாயம்தான். ஆனால் தேயிலை யாருடையது? பால் யாருடையது? அந்த ஃப்ளாஸ்க் யாருடையது? டீ போகிற விஷயம் எனக்குத் தெரியாது என்பது வேறு. தெரிந்தபோது, 'நான் என்ன இங்கே சத்திரமா நடத்துகிறேன்' என்று அவளைச் சத்தம் போட்டேன் என்பது அதைவிட வேறு. என் வீட்டு ஃப்ளாஸ்கில் போன டீ என் டீதானே? பேப்பர்க்காரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

படம் எப்படி வளர்ந்தது தெரியுமா? தலையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. முதலில் பச்சையாக ஒரு பரப்பு வந்தது. வாழைத்தோப்பு வரைகிறாள் போலிருக்கிறது, நமக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நான்கூடச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்தப் பச்சையில் காப்பிக்கொட்டை நிறத்தில் மாங்காய் மாங்காயாக வந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திருச்சியில் சின்னக்கடை வீதியில் நானே நின்று, நாலு கட்டுப் பிரிக்கச் சொல்லி எடுத்த நைட்டி அது. சாயம் போகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். போகத்தான் இல்லை. அதற்கு ஒரு பாக்கெட் உண்டு. அதைக்கூட விடவில்லை, பார், அந்த ரெண்டாம் மாடி ஜன்னலுக்கு மேலே, தெரிகிறதா? பாக்கெட் நான் வைத்தது இல்லை. கிளிப் போட்டுக்கொள்ளச் சகாயம் தைத்துக்கொண்டது. ஆனால் நைட்டி நான் எடுத்தது.

முகம் தவிர மற்றதெல்லாம் வந்த அன்றைக்குத்தான் அவர் பனியனோடு நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். "நான் ஆபீஸ்ல எப்படித் தலை காட்டுவேன்? துண்டாவது போட்டிருக்கக் கூடாதா?" என்றார். துண்டு! என்னிடம் வந்து துண்டு! நைட்டிமேல் துண்டு போடாமல் நான் குப்பைக் கூடையைக்கூட வாசலில் வைத்ததில்லை. அந்தப் படத்தில் துண்டு இருக்கிறது, இல்லாமல் இல்லை. தலையில் முண்டாசாகக் கட்டியிருக்கிறது. அதைக் காட்டித்தான் சொன்னேன். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. நான் என்னைக்கு முண்டாசு கட்டினேன்? அது சகாயம். அந்த நைட்டியை அவளுக்குக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. டம்ளரைக் கழுவப் போடக்கூட மறந்து, அப்படியே கம்பிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கட்டடத்து வாட்ஸ்அப் குரூப் வேறு. ரெண்டாம் மாடியில் மிஸஸ் குரியாக்கோஸ் இருக்கிறாளே, 'வசுமதி, இது நீங்களா?' என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை வரிசையாகப் போட்டிருந்தாள். நான் நல்ல இங்கிலீஷில், கமாவும் புள்ளியும் அந்தந்த இடத்தில் வைத்து, 'இல்லை, அது எங்கள் வீட்டுப் பணிப்பெண்' என்று பதில் எழுதினேன்.

அதை உனக்குக் காட்டினாளா? காட்டுவாள். மேலே வருகிறதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாய். பலாப்பழ ஹல்வா கொடுத்திருப்பாளே. கேள், அது அன்றைக்கு எழுதியது. அன்றைக்கு அந்தப் படத்துக்கு முகமே வரவில்லை. முகம் வராத ஒரு படத்தைப் பற்றி யார் என்ன சொன்னால் என்ன? கழுத்துக்குக் கீழே எல்லாரும் ஒன்றுதான்.

சகாயம் என்ன செய்தாள் என்று கேள். மீன் வாங்கப் போனவள் வரவே இல்லை. நான் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். கடைசியில் மீனோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றுகொண்டு, "யக்கா, கீழ நின்னு பாத்தியளா? என் கால் பெருவிரலே என் முட்டி உசரம் நிக்கி! நாந்தான்கா அது. அந்தப் பிள்ளை என்னைத்தான் வரைஞ்சிருக்கு" என்கிறாள். மீன் கையில் சொட்டுகிறது. வேலை செய்கிற வீட்டில் ஒரு அடக்கம் வேண்டாமா? அன்றையிலிருந்து துணி காயப்போடப் போகும்போது தலைசீவிக்கொண்டு போக ஆரம்பித்தாள். பவுடர் வேறு. முகத்தைத்தான் இன்னும் வரையவில்லையே, வரைகிறபோது நன்றாக வர வேண்டுமாம். அந்தக் கமீலா அங்கிருந்து தூரிகையை ஆட்டுகிறாள், இவள் இங்கிருந்து பெட்ஷீட்டை ஆட்டுகிறாள். அவள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் ரெண்டும் நாளெல்லாம் சிரித்துக்கொண்டே இருக்கும். இங்கிலீஷ் தெரிந்த நான் ஒருத்தி வீட்டுக்குள்ளே இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அந்த நீலத்தலைக்குத் தோன்றவில்லை.

சகாயத்தை ஊருக்கு அனுப்பியது அவர்தான். அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், குரியாக்கோஸ் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். "அவ இங்க இருக்கிற வரைக்கும் தெருவுல போறவன் வர்றவன்லாம் நம்ம பால்கனியை அண்ணாந்து பாப்பான். ஊருக்கு அனுப்பிடு" என்றார். விசாவும் அவர் பெயரில்தான் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? சுவரில் இருக்கிறது அவள்தான் என்று நானே சொல்லிவிட்ட பிறகு, வேறு யாரை அனுப்புவது?

வெறுங்கையோடு ஒன்றும் அனுப்பவில்லை. ரெண்டு புடவை கொடுத்தேன், ஒன்றில் மடிப்புகூடக் கலையவில்லை. பால் பவுடர், சோப்பு, பாதாம் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். அழுதாள். அழத்தான் செய்வாள், ஆறு வருஷம் ஏசியில் இருந்தவள். வண்டியில் போகும்போது கூஜா ரவுண்டானா வந்ததும், "யண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன், ஒரு படம் பிடிச்சிக்கிடுதேன்" என்றாள். ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தலாமா? நீயே சொல். நிறுத்தவில்லை. ஆனால் அவருக்கு அன்றைக்கு என்னமோ தோன்றி, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினார். அவள் கண்ணாடியை இறக்கி, ஃபோனை வெளியே நீட்டிப் பிடித்து, ஏதோ எடுத்தாள். பார்த்தால் படத்தில் கூஜாதான் விழுந்திருந்தது. அதுவும் மூக்கு மட்டும்.

அவள் போன பிறகுதான் முகம் வந்தது. அந்தக் கமீலா ரெண்டு மூன்று நாள் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் காணோமே என்று நினைத்திருப்பாள். நான் போய் நின்றேன். ஆமாம், நின்றேன். பட்டுப்புடவை ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை, சாதாரண காட்டன்தான். அன்றைக்குப் பார்த்து வெளியே கொஞ்சம் வேலை இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். என்ன செடி என்று கேட்காதே. அதற்குப் பிறகு அவள் வரைந்து முடித்துவிட்டாள். அப்படியானால் யாரைப் பார்த்து வரைந்தாள்? ஊருக்குப் போனவளைப் பார்த்தா வரைவாள்?

முகம் வந்ததும் ஊரே மாறிப்போயிற்று. பேப்பரில் முழுப் பக்கம். 'இந்த நகரத்தைத் துவைத்துக் காயப்போட்ட கைகள்' என்று தலைப்பு. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து அந்தப் பெருவிரலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். பொங்கலுக்கு முன்னால் தமிழ்ச் சங்கத்திலிருந்து எழிலரசன் ஃபோன் பண்ணினார். சங்கத் தலைவர். மைக் இல்லாமல் இருந்தாலும் மைக்கில் பேசுகிற மாதிரியே பேசுவார். "அம்மா, அந்தச் சுவரில் வீற்றிருக்கும் தமிழ்ப் பெண்மணி தங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார் என்று அறிந்தோம்" என்றார். ஆமாம், எங்கள் வீடுதான் என்றேன். அதில் என்ன பொய் இருக்கிறது? பொங்கல் விழாவுக்கு வர வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். போனேன். போர்த்தினார்கள். மேடையில் யாரும் இடது கையா வலது கையா என்று கேட்கவில்லை. நீதான் வந்ததும் வராததுமாக அதைக் கேட்டாய்.

அவர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? ஆபீசிலிருந்து ஆள்களைக் கூட்டிவருகிறார். இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டுதான், எதிரே கை காட்டி, "தெரியுதா யாருன்னு?" என்று கேட்கிறார். நைட்டி என்ற வார்த்தையை இப்போது அவர் வாயிலிருந்து கேட்க முடியாது. 'பச்சை உடை' என்கிறார். அவர்கள் அண்ணாந்து பார்த்து, "அண்ணியேதான்!" என்கிறார்கள். அந்த நேரத்தில் அண்ணி உள்ளே நின்று அவ்வளவு பேருக்கும் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறாள். உதவிக்கு ஆள் இல்லை. புதிதாக ஒருத்தியைப் பார்த்தோம், அவள் ஜன்னல் துடைக்கமாட்டாளாம்.

என்ன, அந்தக் கமீலா உனக்குப் பதில் எழுதியிருக்கிறாளா? எங்கே, வாசி.

பெயர் தெரியாதாம். தெரியாது அல்லவா, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே? இடது கையால் துணியை வீசுவாளாம். பல்லில் கிளிப்பைக் கடித்துக்கொண்டே சிரிப்பாளாம். கழுத்தில் பழுப்பு நிறத்தில் கயிறு இருக்குமாம்.

சொல்கிறேன். எனக்கும் பிறவியில் இடது கைதான். ஆமாம். சிஸ்டர் பெனடிக்டாதான் ஸ்கேலால் தட்டித் தட்டி மாற்றிவிட்டார். உள்ளுக்குள் இன்னும் இடது கைதான். கிளிப்பை நான் வாயில் வைக்கமாட்டேன். காக்காய் உட்காருகிற கொடியில் மாட்டுகிற கிளிப்பை எந்தப் புத்தியுள்ளவள் வாயில் வைப்பாள்? அது ஓவியம் வரைகிறவர்கள் சேர்த்துக்கொள்கிறது. ஒட்டகத்துக்கு ஹெட்போன் மாட்டவில்லையா, அது மாதிரி. அந்தக் கயிறு தாலிக்கயிறு. கான்வென்ட்டிலேயே படித்து வளர்ந்தவளுக்கு உத்தரியம் எது, தாலி எது என்று தெரியாதா?

நீ அந்த வார்த்தையைச் சொல்லவில்லையா? உத்தரியம் என்று நீ கேட்கவே இல்லையா?

சரி. நான்தான் சொன்னேன் போலிருக்கிறது. கிறிஸ்தவர்கள் போடுகிறது. மாதா படம் தைத்துப் பழுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். சகாயம் அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். அதுவும் இதுவும் ஒன்றா? தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கயிறும் பழுப்புதான்.

சகாயம் நம்பர் உனக்கு எதற்கு? என்ன பேசப் போகிறாய்? அவள் சொல்கிறதை அப்படியே எழுதுவாயா? அவளுக்கு வாய் நீளம். போன மாதம்கூடப் பேசி அனுப்பியிருந்தாள். கேட்கிறாயா? இரு, போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் உனக்கும் புரியும், இந்த மாதிரி ஆட்களுக்கு இடம் கொடுத்தால் எப்படி ஆகிறது என்று.

"யக்கா, நல்லாருக்கியளா? அண்ணனுக்குக் கால் வலி எப்பிடி இருக்கு? அந்தச் சொவத்துப் படத்தை ஒண்ணு எடுத்து அனுப்பி விடுங்கக்கா. இங்க யாருமே நம்ப மாட்டேங்காவ. கூஜாவைக் காட்டிட்டு நாந்தாம்னு சொல்லுதேன்னு எங்க மாமியா சிரிக்கா. ஒண்ணே ஒண்ணு போதும்கா."

கேட்டாயா? என்ன உரிமை பார். நான் கம்பியில் எக்கி நின்று, இவளுக்காகப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அங்கே நம்பாவிட்டால் நான் என்ன செய்ய? என்னை மட்டும் இங்கே எல்லாரும் கேட்டவுடனே நம்பிவிட்டார்களா? பதில் போடவில்லை. என்ன போடுகிறது? படத்தை அனுப்பினால் அதை அவள் ஊரெல்லாம் காட்டுவாள். மணப்பாட்டுக்காரர்கள் இந்த ஊரில் கப்பலுக்குக் கப்பல் இருக்கிறார்கள். அப்புறம் எழிலரசனுக்கு நான் என்ன சொல்வேன்? சால்வையை மடித்துத் திருப்பிக் கொடுப்பதா?

ஜூஸைக் குடி. சூடாகிவிடும்.

படம் எடுக்க வேண்டுமா? அதைச் சொல்ல வேண்டியதுதானே முதலில். அந்தச் சுவரும் நானும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடு. இதைப் போட்டுவிட்டால் அப்புறம் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நைட்டி இல்லை. நைட்டியை அவள் கொண்டுபோய்விட்டாள். புடவை போதும். முண்டாசெல்லாம் கட்டமாட்டேன், அதை மட்டும் எதிர்பார்க்காதே. ஒரு துணி வேண்டுமா? இரு, மெஷினில் பெட்ஷீட் கிடக்கிறது, காலையில் எடுக்க மறந்துவிட்டேன். ஈரம். நல்லதுதான், நிஜமாக இருக்கும்.

இடது கையால் வீச வேண்டுமா? ஆகட்டும். நான்தான் சொன்னேனே, உள்ளுக்குள் இடது கைதான்.

இரு, விழவில்லை. காற்று. இந்த ஊர்க் காற்றே இப்படித்தான், மத்தியானம் மூன்று மணிக்குமேல் கடல் பக்கமிருந்து தள்ளும். இன்னொரு தடவை. கொடியில் பட்டது, பார்த்தாயா? நழுவுகிறது. டபுள் காட் ஷீட், கனம். அவள் எப்படித்தான் ஒரே வீச்சில் போட்டாளோ. நீ எடுக்காதே, இன்னும் எடுக்காதே, முகத்தை மறைக்கிறது. இப்போது பிடித்துக்கொண்டேன். கிளிப் போட்டால் நின்றுவிடும். கிளிப் எங்கே வைப்பாள்? இந்தக் காலித் தொட்டிக்குப் பின்னாலேயும் இல்லை. பாக்கெட்டில்தான் வைத்துக்கொண்டிருப்பாள், வேறு எங்கேயாவது கொஞ்சம் இருக்கும். நான் கையை எடுத்தால் ஷீட் நேரே தெருவில் போய் விழும். நீ கேமராவை இறக்காதே, அப்படியே பிடித்துக்கொள், ஒரே நிமிஷம்.

சகாயம்!

சகாயம்!

சகாயம், அந்தக் கிளிப்பை மட்டும் கொண்டாந்து குடுத்துட்டுப் போ.